சரிபார்க்கத் தெரிந்த பிள்ளை

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலை ஒட்டிச் செல்லும் சாலையில், மணப்பாட்டுக்கும் கூடங்குளத்துக்கும் நடுவே, ஒருபுறம் மன்னார் வளைகுடாவும் மறுபுறம் பனைகள் அடர்ந்த செம்மணல் தேரியுமாக அமைந்த உவரியை, அந்தோணியார் திருத்தலத்தை நாடி வருவோரும், சுயம்புலிங்க சுவாமி கோவிலில் நேர்ச்சைக்காக ஓலைப்பெட்டியில் கடல்மண் சுமப்போரும், கப்பல் வடிவில் கட்டிய மாதா கோவிலைப் பார்க்க வருவோரும் நன்கு அறிவார்கள். இலக்கிய அபிமானிகள், ‘கொற்கை’ நாவலுக்காக 2013-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்ற ஜோ டி குருஸ் பிறந்த ஊர் என்று அறிவார்கள். அவ்வூரையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் நான் அறிந்ததெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணிதம் கற்பித்த உபாத்தியாயன் என்ற ஹோதாவில்தான். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும், பனையேறிகளின் பிள்ளைகளும், வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றும் தாய்மார்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த வகுப்புகள் அவை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும், சாயங்கால வேளையில் நோட்டுடன் வரும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதை நான் நிறுத்தவில்லை.

ஜூன் மாதத்தில் ஒன்பதாம் வகுப்பு ஆரம்பமாகும்போது, கடைசி வரிசைகளில் உட்காரும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தால், பிறவியிலேயே அமைந்த மச்சத்தைக் காட்டுகிறவர்களைப் போல, துக்கமோ வெட்கமோ இல்லாமல் சர்வ சாதாரணமாக, “எனக்குக் கணக்கு வராது சார்” என்பார்கள். அவர்களிடம் “உன்னால் முடியும், முயற்சி செய்” என்று உற்சாகமூட்டுவது உபாத்தியாயர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடு செய்கிற காரியம். அதனால் எந்தப் பிள்ளையும் திடமடைந்து நான் பார்த்ததில்லை. பாராட்டு என்பது பிறர் வாயிலிருந்து வருவது. இன்று வரும், நாளை நின்றுபோகும். தான் போட்ட கணக்கு சரியா தப்பா என்பதை இன்னொருவர் முகத்தைப் பார்க்காமல் தானே நிச்சயிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கணிதத்தில் தைரியம் பிறக்கிறது; தைரியம் பிறந்த பிறகே ஊக்கம் உண்டாகிறது. இந்த ஒரு விஷயத்தைத்தான் என் தொழில் எனக்குப் புகட்டியது. அது எப்படி என்பதை விஸ்தாரமாகச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பின்தங்கிய பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைப்பதில்லை என்பதையே எல்லாக் குறைக்கும் மூல காரணமாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் கிடையாது. ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் தெரியாத பிள்ளையை அதே வகுப்பில் அதே முறையில் இன்னொரு வருஷம் உட்கார வைத்தால், வகுத்தலோடு அவமானத்தையும் சேர்த்துச் சுமக்குமேயன்றிக் கணக்குக் கற்றுவிடாது. பிரதம் தொண்டு நிறுவனத்தின் முன்முயற்சியில் 2005 முதல் நடந்துவரும் ஏசர் என்னும் கல்வி நிலை ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பேரே. மற்ற எழுபது பேரும் மேலே மேலே ஏறி வந்து, பலபடிக் கோவையையும் திரிகோணமிதியையும் ஒருநாள் சந்திக்கத்தான் செய்கிறார்கள். அந்தச் சந்திப்பில் தோற்றுப்போவது அவர்களுடைய புத்தியன்று. என்றோ அறுந்துபோன ஓர் இழையை யாரும் பார்த்து முடிச்சுப்போடவில்லை என்பதே தோல்விக்குக் காரணம்.

அந்த இழை அறுபடும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் நடுவிலுள்ள பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 12 என்று எழுதுவது ஒன்று. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே உள்ளவற்றை மேலும் கீழே உள்ளவற்றைக் கீழுமாகக் கூட்டி ஐந்தில் இரண்டு என்பது இன்னொன்று. “மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்” என்று யாரோ ஓதிவிட்ட மந்திரத்தைப் பெருக்கலுக்கு என்று தெரியாமல் கூட்டலிலும் பிரயோகித்து, −5 −3 என்பதற்கு +8 என்று எழுதுவது மற்றொன்று. பரீட்சை வைத்து மதிப்பெண் போட்டால் இவை அகப்படமாட்டா. பூஜ்யம் என்ற எண் தெரியுமே தவிர, பூஜ்யம் வாங்கியதற்கு ஹேது தெரியாது. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடச் செய்து, நாம் வாயை மூடிக்கொண்டு கேட்டால், கால் மணி நேரத்தில் அறுந்த இடம் தெரிந்துவிடும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதற்கு ஏது நேரம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஜூலை முடிவதற்குள் இதைச் செய்யாத உபாத்தியாயர், அந்த நேரத்தைப்போல் பல மடங்கை மார்ச் மாதத்துச் சிறப்பு வகுப்புகளில் செலவிட வேண்டியிருக்கும்.

தனிவட்டிப் பாடத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். ரூபாய் 15,000-க்கு ஆண்டுக்கு 24 சதவீதம் வட்டியில் 8 மாதத்துக்கு எவ்வளவு வட்டி என்பது கணக்கு. ஒரு பையன் அசலையும் எட்டையும் இருபத்துநான்கையும் பெருக்கி, நூறால் வகுத்து, 28,800 என்று எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தான். மாதத்தை ஆண்டாக மாற்றவில்லை என்பது இருக்கட்டும். எட்டே மாதத்தில் வட்டி அசலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டதே என்ற திகைப்புக்கூட அவனிடம் இல்லை. அவன் தகப்பனார் வள்ளம் வைத்திருக்கிறவர். அந்த வீட்டில் வட்டி என்பது புத்தகத்து விஷயமன்று.

“ஏல, ஒங்க அப்பா பதினஞ்சாயிரம் ரூவாய ரெண்டு ரூவா வட்டிக்கு வாங்கிட்டு எட்டு மாசங் கழிச்சு அடைச்சா, வட்டி எவ்வளவு குடுக்கணும்?” என்று கேட்டேன்.

அவன் கண்ணைக்கூட மூடவில்லை. “மாசம் முன்னூறு சார். எட்டு மாசத்துக்கு ரெண்டாயிரத்து நானூறு.”

“அப்ப நோட்டுல இருபத்தெட்டாயிரத்து எண்ணூறுன்னு எழுதிருக்கியே?”

“அது நோட்டுக் கணக்குல்லா சார்.”

நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்பதும் ஆண்டுக்கு 24 சதவீதம் என்பதும் ஒன்றே என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கடற்கரையில் வழங்கும் கணக்கு ஒன்று, நோட்டில் எழுதும் கணக்கு வேறொன்று, முன்னதற்கு அறிவு வேண்டும், பின்னதற்கு அறிவு வேண்டியதில்லை, சார் போட்டுக் காட்டியபடி எண்களை எங்கேயாவது வைத்துப் பெருக்கினால் போதும் என்பது அவனுடைய தீர்மானம். இரண்டும் ஒன்றுதான் என்று அறிந்த அன்று, தன் விடையைத் தானே அடித்துவிட்டு 2,400 என்று எழுதினான். நான் திருத்தியிருந்தால் அது எத்தனையோ சிவப்பு மைக் கோடுகளில் ஒன்றாகப் போயிருக்கும்.

இது உவரிக்கு மட்டும் உரிய விசேஷமன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் சிறுவர்களிடம் காராஹர், ஷ்லீமன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளர்களைப்போல் சென்று விலை கேட்டபோது, அச்சிறுவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தடவை சரியான விடையைச் சொன்னார்கள். அதே கணக்குகளை எண்ணும் குறியுமாகக் காகிதத்தில் கொடுத்தபோது முப்பத்தேழு தடவைதான் சரியாகச் செய்தார்கள். 1985-இல் வெளிவந்த அந்த ஆய்வைத் தொடர்ந்து, அந்நாட்டு மீனவர்கள் விகித சமக் கணக்குகளை மனத்தாலேயே செய்யும் திறமையையும் அந்த ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தார்கள். நம் நாட்டில் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றிப் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் மற்றவர்களுடன் சேர்ந்து செய்த ஆய்வு 2025-இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வந்தது. சந்தைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை என்பதோடு, பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை என்பதையும் அது காட்டியது. இந்த இரண்டாவது முடிவைத்தான் நாம் அதிகம் கவனிக்கவேண்டும் என்பது என் எண்ணம். வாழ்க்கைக் கணக்கும் பள்ளிக் கணக்கும் தாமாக ஒன்றையொன்று சந்திப்பதில்லை. சந்திக்க வைப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளுக்குத்தான் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது.

இயற்கணிதத்தைக் கண்டு மிரளும் பிள்ளைகளுக்கு நான் பங்குக் கணக்கிலிருந்து தொடங்குவேன். வள்ளம் கரைக்கு வந்து, மீன் ஏலம் போய், பணம் கைக்கு வந்ததும், மண்ணெண்ணெய், ஐஸ், சாப்பாடு, ஏலக்காரர் கழிவு என்று செலவையெல்லாம் தள்ளிவிட்டு, எஞ்சியதை ஆட்களுக்கும் வள்ளத்துக்கும் மடி என்னும் வலைக்குமாகப் பங்கு வைப்பார்கள். பங்கு முறை ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும் என்பதால், முறையைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுவேன். ஐந்து ஆளுக்கு ஐந்து பங்கு, வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் இரண்டு, மடிக்கு ஒன்று, ஆக எட்டுப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஏலம் போனது 18,400, செலவு 3,200, ஒரு பங்கு எவ்வளவு? ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்ற விடை, மீனவர் வீட்டுப் பிள்ளையிடமிருந்து நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் வந்துவிடும். பிறகு, “நீ செய்ததைத்தான் எழுதுகிறேன்” என்று சொல்லி, 8 பங்கு + 3,200 = 18,400 என்று எழுதுவேன். அடுத்த நாள் பங்கு என்ற சொல்லுக்குப் பதில் ‘ப’. அதற்கடுத்த நாள் x. செலவை முதலில் கழித்துவிட்டுப் பிறகு எட்டால் வகுக்கவேண்டும் என்பதை நான் கற்பிக்கவேண்டியதில்லை. செலவைத் தள்ளாமல் யாராவது பங்கு பிரித்தால் கரையில் சண்டையே வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

குறை எண்களின் பயமும் இந்தக் கணக்கிலேயே தீர்ந்துவிடுவதுண்டு. மீன்பாடு இல்லாத நாளில் ஏலம் 2,400 மட்டும் போய், செலவு 3,200 ஆகியிருந்தால், 8x = −800; ஒரு பங்குக்கு −100. “ஆளுக்கு நூறு ரூவா கடன் சார்” என்று உடனே சொல்லுவார்கள். எட்டை −100-ஆல் பெருக்கினால் −800 வருவது ஏன் என்று அதற்குமேல் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நூறு ரூபாய்க் கடன் மூன்றை ஒருவர் தள்ளுபடி செய்துவிட்டால் முந்நூறு ரூபாய் லாபம்தானே என்று சொல்லும்போது, குறையும் குறையும் பெருக்கினால் மிகை வரும் நியாயமும் விளங்கும். −5 −3 என்பதோ ஐந்து ரூபாய்க் கடனுக்கு மேல் மூன்று ரூபாய்க் கடன். அது எப்படி எட்டு ரூபாய் கையிருப்பாகும்? இந்தக் கேள்வியைத் தானே கேட்டுக்கொண்ட பிள்ளை அந்த மந்திரத்தை இனி ஓதாது.

தேரியோரத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வள்ளமும் மடியும் அந்நியம். அவர்களிடம் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டியாகும் கணக்கையோ, ஆயிரம் பீடிக்கு இலையும் தூளும் நிறுத்துக் கொடுக்கிற கணக்கையோ கேட்கவேண்டும். பொதுவான உதாரணம் என்று ஒன்று கிடையாது. பிள்ளையின் வீட்டில் எதற்காகக் கணக்குப் பார்க்கிறார்களோ அதுதான் அந்தப் பிள்ளைக்கு உதாரணம்.

இனி, சரிபார்ப்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டில், சரி தப்பு என்ற தீர்ப்பு முழுவதும் உபாத்தியாயரின் சிவப்பு மையில் இருக்கிறது. கடற்கரையில் அப்படி இல்லை. அங்கே கணக்குத் தப்பினால் காசு தப்புகிறது, தப்பியது அப்போதே தெரிந்துபோகிறது. வகுப்பில் பலகையருகே நின்று ஒரு வரியை எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போகுமுன் என் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். என் புருவம் சற்று உயர்ந்தால் கை அழிப்பானை நாடும். எழுதியது சரியாக இருந்தாலும் அழித்துவிடும். இந்தப் பழக்கம் உள்ளவரை எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் அந்தப் பிள்ளை கணிதத்தில் அநாதையே. ஆகையால், ஒரு கணக்கைப் போடும் விதத்தைக் கற்பிப்பதற்கு முன்பே, அதன் விடையைச் சோதிக்கும் விதத்தைக் கற்பிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். வகுத்தலுக்குப் பெருக்கிப் பார்ப்பது: ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டுதானே, 612 எங்கே? சமன்பாட்டுக்கு விடையை x இருந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது. காரணிப்படுத்தலுக்கு x-க்கு ஒரு சிறிய எண்ணைக் கொடுத்துப் பார்ப்பது: x² + 5x + 6 என்பதை (x + 2)(x + 3) என்று பிரித்த பிள்ளை, x-க்கு 1 என்று வைத்தால் இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கம் மூன்று நான்கும் 12. அதே பிள்ளை (x + 1)(x + 6) என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் 14 வந்து காட்டிக்கொடுத்துவிடும். வகுப்பில் நான் போட்ட விதி ஒன்றே ஒன்று: விடைக்குக் கீழே சோதித்த வரியும் இருந்தால்தான் நோட்டை வாங்குவேன்; சோதித்து, தப்பு என்று கண்டுபிடித்து, எங்கே தப்பு என்று தெரியாமல் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வேன், அதற்கும் பாதி மதிப்பெண் உண்டு.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் முந்திரி, காணி, மா, வீசம் என்று முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை இறங்கிப் பிள்ளைகள் மனனம் செய்த எண்சுவடியில், வாய்ப்பாட்டின் முடிவில் பெருக்குத் தொகைகளின் மொத்தக் கூட்டுத்தொகையையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இருந்தது. இடையில் ஒன்று தவறினால் கடைசித் தொகை ஒத்துவராது. மனப்பாடத்தை நம்பிய அந்த முறையிலும்கூடச் சரிபார்க்கும் கருவி பிள்ளையின் கையிலேயே இருந்தது.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டியது ஒன்று உண்டு. கணக்கு வராத பையன் சத்தம் போடுவான், வெளியே போவான், எப்படியும் கண்ணில் படுவான். கணக்கு வராத பெண்ணோ பலகையில் உள்ளதை முத்து முத்தாக நோட்டில் இறக்கி, கோடு போட்டு, அட்டை போட்டு, மௌனமாக உட்கார்ந்திருப்பாள். அழகான அந்த நோட்டைப் பார்த்து நாமும் திருப்தி அடைந்துவிடுவோம். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில்தான் உண்மை வெளிப்படும். அப்படிப்பட்ட ஒரு பெண், தேரிப் பக்கத்துக் கிராமத்தவள், தாயாருக்குப் பீடி சுற்ற ஒத்தாசை செய்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள். செய்முறை வடிவியலில் வட்டத்துக்கு வெளிப்புள்ளியிலிருந்து தொடுகோடு வரையும் பாடம் நடந்தது. ஆரம் 3 செ.மீ., மையத்திலிருந்து புள்ளியின் தூரம் 5 செ.மீ. அவள் மையத்தையும் புள்ளியையும் இணைத்து, அந்தக் கோட்டை இருசமமாக்கி, நடுப்புள்ளியை மையமாக வைத்து இரண்டாவது வட்டத்தைப் போட்டு, இரு வட்டங்களும் வெட்டும் இடங்களுக்குக் கோடு இழுத்தாள். அளந்தாள்: 4.2 வந்தது. பிதாகரஸ் தேற்றப்படி இருபத்தைந்தில் ஒன்பது போகப் பதினாறு, அதன் வர்க்கமூலம் 4 வரவேண்டும். என்னைப் பார்க்கவில்லை. பென்சிலைச் சீவினாள், காம்பஸின் திருகை இறுக்கினாள், பக்கத்தைத் திருப்பி முதலிலிருந்து வரைந்தாள். இந்தத் தடவை இரண்டு தொடுகோடுகளும் சரியாக நான்கு. அளந்தாலும் நான்கு, கணக்கிட்டாலும் நான்கு. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சார், ரெண்டரையும் ஆறரையும் வெச்சா ஆறு வருமா?” என்று கேட்டாள். 5, 12, 13 என்று முந்தின வாரம் பலகையில் எழுதியிருந்ததை அவள் பாதியாக்கியிருக்கிறாள். “வரைந்து பாரு தாயி” என்று மட்டும் சொன்னேன். வகுப்பில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

பத்தாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வின் தற்போதைய அமைப்பில், ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 10, எட்டு மதிப்பெண் வினா 2 என்று நூறு மதிப்பெண் பிரிந்திருக்கிறது. இந்த எட்டும் எட்டும் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் உரியவை. தேற வேண்டியது 35. ஆகவே, மெல்லக் கற்போர் என்று பெயர் சூட்டப்பட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பதினாறையும், சில ஒரு மதிப்பெண் வினாக்களையும், தேற்றம் ஒன்றிரண்டையும் உருப்போடச் செய்து கரை சேர்த்துவிடுவது எல்லாப் பள்ளிகளிலும் வழக்கமாயிருக்கிறது. தேர்ச்சி பெறாமல் போகும் பையன் அடுத்த மாதமே கடலுக்குப் போய்விடுகிறான், துணைத் தேர்வுக்கு ஆள் அனுப்பினாலும் வருவதில்லை என்பதை நேரில் கண்டவன் ஆகையால், இந்த உபாயத்தை நான் பழிக்கமாட்டேன். ஆனால் இதை மட்டும் செய்துவிட்டுக் கணிதம் கற்பித்ததாகச் சொல்லிக்கொள்வதை ஏற்கமாட்டேன். கையால் வரைவதும் அளப்பதும் பின்தங்கிய பிள்ளைக்கு உகந்த வாசல் என்பது உண்மை. காரணம், அங்கே விடை கண்ணுக்குத் தெரிகிறது. வாசலிலேயே நிறுத்தி, படத்தின் படிகளை எண் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால், அந்தப் பிரத்தியட்ச ஞானமும் போய்விடுகிறது. 40 வாங்கித் தேறிய பிள்ளை, பதினொன்றாம் வகுப்பில் கணிதம் உள்ள பிரிவின் திசையைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு வழக்கத்தை நான் மனம் நொந்தே சொல்லவேண்டியிருக்கிறது. “படிக்கலைன்னா மடி இழுக்கத்தான் போவே” என்று வகுப்பில் பிள்ளைகளை வைவது கடற்கரைப் பள்ளிகளில் காது புளிக்கக் கேட்ட பேச்சு. சொல்லுகிறவர்கள் பிள்ளையின் நன்மையைக் கருதித்தான் சொல்லுகிறார்கள். ஆயினும், கேட்கிற பிள்ளையின் தகப்பனார் அன்று விடியுமுன்னே மடியோடு கடலுக்குப் போயிருக்கிறார். நீவாடு என்னும் கடல் நீரோட்டத்தையும் காற்றையும் பார்த்து, கரையிலுள்ள கோபுரத்தையும் பின்னாலிருக்கும் இன்னோர் அடையாளத்தையும் ஒரே நேரில் நிறுத்தி, கடலுக்குள் தாம் நிற்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் அவர். அவருடைய தொழிலைத் தண்டனையாகச் சித்திரிக்கும் இடத்தில், பிள்ளை கற்பதற்கு என்ன இருக்கிறது? அந்தத் தகப்பனாரின் வித்தையைத்தான் முக்கோணவியல் பாடத்தில் நான் எடுத்துக்கொள்வேன். பாடநூலில் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்கும் மனிதர் கடலில் உள்ள கப்பலை இறக்கக்கோணத்தில் பார்க்கிறார். எங்கள் பிள்ளைகளோ மணப்பாட்டுக் கலங்கரை விளக்கத்தைக் கடலிலிருந்து நிமிர்ந்து பார்த்தே வளர்ந்தவர்கள். இரண்டு கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள் ஆதலால் சமம் என்று சொன்னவுடன், கணக்கைக் கப்பலிலிருந்து போடத் தொடங்கிவிடுவார்கள்.

எதிர்காலத்தைக் காட்டி ஊக்கமூட்டுவதும் உண்டு. கப்பல் வேலைக்குப் போகும் ஆசை உவரிப் பையன்களுக்கு இயல்பானது. மாலுமிப் பயிற்சியில் சேர்வதற்குக்கூடப் பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் படித்துத் தேறியிருக்கவேண்டும் என்பதை நானும் சொல்லியிருக்கிறேன். சொன்ன அன்று முகம் மலரும். மறுநாள் பின்னக் கணக்கு முன்புபோலவே நிற்கும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஆறு வருஷத்துக்கு அப்பால் உள்ள சம்பளம் வெகு தூரம். இன்று போட்ட கணக்கு இன்றே சரியாக வந்தது என்ற சந்தோஷம் நாளைக்கும் அவனை நோட்டைத் திறக்க வைக்கிறது.

அந்தச் சந்தோஷத்தையே வாழ்நாள் காரியமாக எடுத்துக்கொண்டவர் சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன். ராமானுஜனின் கடிதங்களையும் அவரைப் பற்றிய நினைவுகளையும் தேடித் திரட்டி வெளியிட்டவர். 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமையக் காரணமாயிருந்தவர். நாட்காட்டியை வைத்தே பிள்ளைகளுக்கு எண்களின் விளையாட்டைக் காட்டி ஒரு நூலும் எழுதியிருக்கிறார். மாத நாட்காட்டியில் சதுரமாக நான்கு தேதிகளை எடுத்து, குறுக்கே பெருக்கிக் கழித்துப் பார்க்கும் விளையாட்டை எங்கள் பிள்ளைகளிடம் வைத்திருக்கிறேன். 9, 10, 16, 17 என்றால், பத்தைப் பதினாறால் பெருக்க 160, ஒன்பதைப் பதினேழால் பெருக்க 153, வித்தியாசம் 7. வேறு எங்கே எடுத்தாலும் 7. எந்த மாதத்தில் எடுத்தாலும் 7. பெருக்கல் தெரியாத பிள்ளைகள், 7 வரும்வரை விடாமல் பெருக்கிப் பெருக்கித் தாமாகவே பெருக்கலைத் திருத்திக்கொள்வதை இதில் காணலாம். விடை முன்கூட்டியே தெரிந்திருப்பதால் சார் தேவையில்லை. ஏன் எப்போதும் 7 என்று ஒருவன் கேட்கும்வரை நான் காத்திருப்பேன். கேட்டபின்தான் முதல் தேதிக்கு a என்று பெயர் வைத்து, (a + 1)(a + 7) என்பதிலிருந்து a(a + 8) என்பதைக் கழித்துக் காட்டுவேன். எழுத்தைக் கண்டு மிரண்ட பிள்ளைகள் எழுத்தின் பிரயோஜனத்தைக் கண்ட நாள் அது.

2020, 2021 ஆண்டுகளில் தொற்றுநோயின் காரணமாகப் பத்தாம் வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டபோது கீழ்வகுப்புகளில் இருந்த பிள்ளைகள், பின்னக் கணக்கைக் கற்கவேண்டிய பருவத்தில் பள்ளிக்கூடத்தையே பார்க்காதவர்கள். அவர்கள்தான் அண்மை வருஷங்களில் உயர்நிலை வகுப்புகளுக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்காக மூன்று தரப்பினரிடம் விண்ணப்பித்துக்கொள்ள விரும்புகிறேன். உபாத்தியாயர்கள், நோட்டில் சரி தப்பு போடுவதற்கு முன்னால், “நீ பார்த்தாயா?” என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும். பெற்றோர்கள், ஏலத்துக் கணக்கையும் வட்டிக் கணக்கையும் பிள்ளைகளுக்கு முன்னால் வாய்விட்டுப் போடவேண்டும். தேர்வுத் துறையினர், பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளின் ஒவ்வோர் ஐந்து மதிப்பெண் வினாவிலும், விடையைச் சோதித்துக் காட்டும் வரிக்கென்று ஒரு மதிப்பெண்ணைத் தனியே ஒதுக்கவேண்டும்.